தமிழ் வழியே இலத்தீன்

ஜவ்வாது மலையின் நெல்லிவாசல்நாட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் தன் பிள்ளைக்கு வீட்டிலேயே கல்வி கொடுக்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கல்வி செவ்வியல் முறையில், வேதத்தையும் பழைய நூல்களையும் மையமாகக் கொண்டு அமைய வேண்டும் என்று பெற்றோர் விரும்புகிறார்கள். அப்படியானால் பிள்ளைக்கு இலத்தீன் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? வேண்டுமென்றால் எந்த வயதில், எதற்குப் பிறகு, எந்த நூலைக் கொண்டு? திருப்பத்தூர் மாவட்டத்து மலைநாடு ஒன்றில் இந்தக் கேள்வியை எழுப்புவது பொருத்தமற்றதாகச் சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேலைநாட்டு நகரம் ஒன்றில் கேட்டால் பழகிய விடைகளே திரும்ப வரும். சாமையும் கேழ்வரகும் விளைகிற, மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசி வாழ்கிற (இவர்கள் கேரளத்து மலையாளிகள் அல்லர்) இந்த மேட்டு நிலத்தில் கேட்டால் கேள்வியின் உண்மையான எடை தெரியும்.

இலத்தீன் இந்த மலைக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல. ஜவ்வாது மலைக்குப் பெயர் வாங்கித் தந்த சந்தன மரத்தைத் தாவரவியலார் 'சந்தாலும் ஆல்பும்' என்று குறிக்கிறார்கள். கடுக்காய் மரம் 'தெர்மினாலியா செபுலா'. புதிய தாவர இனம் ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதன் வருணனையை இலத்தீனில் எழுதியாக வேண்டும் என்ற விதி 2011 முடியும்வரை நடப்பில் இருந்தது. 2012 சனவரி முதல்தான் ஆங்கில வருணனையும் செல்லுபடியாகிறது. இதே மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் பயன்பாட்டுக்கு வந்தது. அங்கே விண்மீன்களைக் குறிக்கும் பெயர்களில் இலத்தீன் இலக்கணம் இன்றும் உயிரோடு இருக்கிறது. 'ஆல்ஃபா சென்டாரி' என்ற பெயரில் 'சென்டாரஸ்' என்ற சொல் 'சென்டாரி' என்று திரிந்திருப்பது நம் ஆறாம் வேற்றுமைக்கு நேரானது. காட்டில் நிற்கும் மரத்துக்கும் இரவில் தெரியும் மீனுக்கும் இலத்தீனில் ஒரு பெயர் இருக்கிறது என்பதை அங்கே வளரும் பிள்ளை தெரிந்துகொள்வதில் தவறொன்றும் இல்லை. ஆனால் பெயர்களைத் தெரிந்துகொள்வது வேறு, மொழியைக் கற்பது வேறு. பின்னதற்குப் பல ஆண்டு உழைப்பு வேண்டும். அந்த உழைப்புக்குத் தகுந்த காரணம் இருக்கிறதா என்பதே இங்கே கேள்வி.

இன்று 'செவ்வியல் கிறிஸ்தவக் கல்வி' என்று அழைக்கப்படும் இயக்கம் மிகப் பழையதல்ல. 1947இல் ஆக்ஸ்ஃபோர்டில் டோரதி சேயர்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் கல்வியின் தொலைந்துபோன கருவிகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். இடைக்கால ஐரோப்பாவின் பாடத்திட்டத்தில் முதலில் நின்ற இலக்கணம், தருக்கம், நாவன்மை ஆகிய மூன்றையும் குழந்தை வளரும் மூன்று பருவங்களோடு அவர் பொருத்திக் காட்டினார். சிறுவயதில் மனப்பாடம், நடுப்பருவத்தில் வாதம், முதிர்ந்த பருவத்தில் சொல்லாற்றல். முதற்பருவத்துக்கு இலத்தீன் இலக்கணமே சிறந்த அடித்தளம் என்பது அவர் துணிபு. அந்த உரை பல ஆண்டுகள் அமைதியாகக் கிடந்தது. 1981இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் லோகோஸ் பள்ளி தொடங்கியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான டக்ளஸ் வில்சன் 1991இல் எழுதிய நூல் சேயர்சின் கருத்தைப் பரப்பியது. 1999இல் ஜெசி வைஸ், சூசன் வைஸ் பாவர் என்ற தாயும் மகளும் எழுதிய பெரிய கையேடு வீட்டுக்கல்விக் குடும்பங்களிடையே பரவியது. இன்று இந்த வழியில் பிள்ளை வளர்க்கும் பெற்றோர் பலருக்கு எட்டு, ஒன்பது வயதில் இலத்தீன் தொடங்குவது ஏறக்குறைய ஒரு மரபாகவே ஆகிவிட்டது.

இதற்கெல்லாம் முந்திய ஒரு சான்று எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏறத்தாழ 403இல், பெத்லகேமிலிருந்த புனித எரோணிமுஸ் ரோமாபுரியிலிருந்த லயேத்தா என்ற தாய்க்கு ஒரு கடிதம் எழுதினார். அவருடைய மகளான சிறுமி பவுலாவை எப்படி வளர்ப்பது என்பதுதான் கடிதத்தின் பொருள். மரத்திலோ தந்தத்திலோ எழுத்துகளைச் செய்து பிள்ளையின் கையில் விளையாடக் கொடுக்கச் சொல்கிறார். சங்கீதங்களையும் நீதிமொழிகளையும் முதலில் மனத்தில் பதிக்கச் சொல்கிறார். கிரேக்கச் செய்யுள்களில் தொடங்கலாம், ஆனால் இலத்தீன் உடனே பின்தொடர வேண்டும், இல்லாவிட்டால் இளம் நாவில் அயல் ஒலி படிந்து தாய்மொழி கெட்டுவிடும் என்று எச்சரிக்கிறார். கிறிஸ்தவ வீட்டுக்கல்வி பற்றி நமக்குக் கிடைத்துள்ள பழைய ஆவணங்களில் இது தலையானது. அதன் ஆசிரியர் வேதாகமத்தை இலத்தீனில் பெயர்த்த மகா பண்டிதர். அவரே பிற மொழியைக் கற்பிக்கும்போது சொந்த மொழியின் நலத்தைக் கண்ணும் கருத்துமாகக் காக்கச் சொல்கிறார். ரோமாபுரிச் சிறுமிக்கு இலத்தீன் எதுவோ, நெல்லிவாசல்நாட்டுப் பிள்ளைக்குத் தமிழ் அது. இயக்கத்தின் பாடநூல்களை அப்படியே இறக்கிக்கொள்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

புனித அகுஸ்தினார் தம் இளமையைப் பற்றி எழுதியதும் இதற்குத் துணை நிற்கிறது. தாதியரின் கொஞ்சலிலும் விளையாட்டிலும் இலத்தீன் அவருக்குத் தானாக வந்தது. அடியும் மிரட்டலுமாகப் பள்ளியில் கற்ற கிரேக்கத்தை அவர் வெறுத்தார். அச்சம் இல்லாத ஆர்வமே மொழியைக் கொண்டுவந்து சேர்க்கும் என்பது அவர் தாமே பட்டுணர்ந்து சொன்னது.

தமிழ்நாட்டில் இலத்தீன் எப்படி வாழ்ந்தது என்பதை இனிப் பார்க்கலாம். இந்த வரலாறு வளமானது. அதில் நம் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இருக்கிறது.

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. 'கிராமாத்திகா தாமுலிகா' என்ற அந்த நூல் இலத்தீனில் எழுதப்பட்டது. அடுத்து வந்தவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்த கான்ஸ்டன்சோ பெஸ்கி என்ற இவர் 1711 வாக்கில் தமிழ்நாட்டுக்கு வந்தார். பேச்சுத் தமிழுக்கு ஓர் இலக்கணம், செந்தமிழுக்கு ஓர் இலக்கணம் என்று இரண்டையும் இலத்தீனில் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் அச்சேறியது. அச்சிட்டது தரங்கம்பாடியின் லுத்தரன் அச்சகம். இயேசு சபைத் துறவி எழுதியதை, அவரோடு கடுமையாகச் சண்டையிட்டுக்கொண்டிருந்த சீர்திருத்தச் சபையார் அச்சிட்டார்கள். தமிழ் கற்க வேண்டும் என்ற தேவை அந்தப் பகையையும் மீறி நின்றது. செந்தமிழ் இலக்கணத்தின் கூறுகளை விளக்கும் 'கிளாவிஸ்' என்ற நூல் நெடுங்காலம் ஏட்டிலேயே இருந்து, 1876இல் ஏ. சி. பர்னெல் முயற்சியால் தரங்கம்பாடியில் வெளிவந்தது.

முனிவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1886இல் ஜி. யு. போப் தம் ஆங்கிலக் குறளை வெளியிட்டபோது அந்த இலத்தீன் பெயர்ப்பையும் பயன்படுத்திக்கொண்டார். பரமார்த்த குருவின் கதையை முனிவர் தமிழிலும் இலத்தீனிலும் அடுத்தடுத்து அமைத்தார். தமிழ் கற்க வரும் ஐரோப்பியருக்கு அது வாசிப்புப் பாடம். ஜெர்மனியில் கார்ல் கிரவுல் என்ற லைப்சிக் மிஷன் அறிஞர் குறள் மூலத்தையும் எளிய தமிழ் உரையையும் இலத்தீன் பெயர்ப்பையும் ஒருங்கே அமைத்தார். 1864இல் அவர் இறந்த பின், 1865இல் அந்த நூல் வெளியாயிற்று.

இந்த நூல்களை அடுக்கிவைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். தமிழ்நாட்டுக்கு வந்த இலத்தீன் பெரும்பாலும் தமிழைக் கற்கவே வந்தது. இத்தாலியரும் போர்ச்சுகீசியரும் ஜெர்மானியரும் டேனியரும் தங்களுக்குள் பொதுவாக வைத்திருந்த மொழி இலத்தீன். அந்த மொழியில் தமிழை எழுதிவைத்தால் எவரும் கற்கலாம். இலத்தீனின் அச்சில் தமிழை வார்க்கவில்லையா என்று கேட்டால், சீகன்பால்கின் நூலில் அந்தச் சாயல் அழுத்தமாகவே உண்டு. முனிவரோ நன்னூல் மரபை ஆழக் கற்றவர். 1730 அளவில் அவர் தமிழிலேயே எழுதிய தொன்னூல் விளக்கம் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்ற ஐந்திலக்கண மரபில் நிற்கிறது. இலத்தீன் அவரிடம் இருந்தது, தமிழை அதன் சொந்த இலக்கணத்தாலேயே அறிய வேண்டும் என்ற தெளிவும் இருந்தது. 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை அவரால் பாட முடிந்தது அந்தத் தெளிவினால்தான்.

வழிபாட்டில் இருந்த இலத்தீன் வேறு வகை. கத்தோலிக்கப் பூசை 1960களின் நடுப்பகுதி வரை இலத்தீனில் நடந்தது. பூசைக்கு உதவும் சிறுவர்கள் குருவுக்கு மறுமொழி சொல்லும் வாசகங்களைக் காதால் கேட்டு நெட்டுருப் போட்டார்கள். தமிழகத்துச் சிற்றூர்களின் கோயில்களில் உழவர் வீட்டுப் பிள்ளைகள் பொருள் தெரியாமல், உச்சரிப்புப் பிசகாமல் இலத்தீன் சொன்ன காலம் அது. இலத்தீன் தமிழ் மண்ணில் மிகப் பரவலாக ஒலித்தது அப்படித்தான். ஆனாலும் அதைக் கல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒலி பதிந்தது, மொழி பதியவில்லை. பக்தி இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அந்தப் பக்தி தமிழ்ச் செபங்களாலும் தமிழ்ப் பாடல்களாலும்தான் வீட்டில் வளர்ந்தது. 1962 பெப்ரவரியில் திருத்தந்தை 23ஆம் யோவான் குருமடங்களில் இலத்தீனை வலுப்படுத்த ஒரு சாசனம் வெளியிட்டார். அடுத்த ஆண்டு டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஏடு தாய்மொழிகளுக்குக் கதவைத் திறந்தது. குருமாணவர்கள் இலத்தீனை நன்கு அறிந்திருக்க வேண்டும் என்ற விதி 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்திலும் இருக்கிறது. நடைமுறையில் அதன் பிடி தளர்ந்தது எல்லோரும் அறிந்தது.

மூன்றாவது வகை, குருமடங்களும் பள்ளிகளும். சாயர்புரத்தில் 1840களில் ஜி. யு. போப் நடத்திய குருத்துவப் பள்ளியில் நாட்டுப்புறத் தமிழ் இளைஞர்கள் இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் படித்தார்கள். கண்டியில் 1893இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் நிறுவிய பாப்பிறைக் குருமடம், 1895இல் கொடைக்கானலருகே செண்பகனூரில் எழுந்த இயேசு சபைக் கல்லூரி ஆகியவற்றின் காலத்தில் மெய்யியலையும் இறையியலையும் குருமாணவர்கள் இலத்தீன் பாடநூல்களின் வழியே கற்பதே வழக்கம். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், குருமடத்தில் இலத்தீன் என்று மூன்று தளத்தில் அவர்கள் வளர்ந்தார்கள்.

அப்படி வளர்ந்தவர்களில் ஒருவரின் வாழ்க்கையை நம் கேள்விக்கு நேரான சான்றாகவே கொள்ளலாம். ஈழத்தில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் கொழும்புக் குருமடத்திலும், 1934 முதல் 1939 வரை ரோமாபுரியிலும் படித்தார். ஆப்பிரிக்காவின் பழைய கார்த்தேசுத் திருச்சபைக் குருக்களைப் பற்றி அங்கே ஆய்வேடு எழுதினார். இலத்தீனும் பல ஐரோப்பிய மொழிகளும் கைவந்திருந்தன. திரும்பி வந்து நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்துப் பள்ளியில் பணியாற்றியபோது, தம் தாய்மொழியின் இலக்கியத்தை முறையாகக் கற்கவில்லை என்ற குறை அவரை உறுத்தியது. அங்கேயே ஒரு தமிழ்ப் பண்டிதரிடம் பாடம் கேட்டார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை படித்தார். 1952இல் 'தமிழ் கல்ச்சர்' இதழைத் தொடங்கினார், 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமையக் காரணமானார். 1679இல் அச்சான அந்தாம் தெ புரோவென்சாவின் தமிழ்–போர்ச்சுகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். ஐரோப்பிய நூலகங்களில் கிடந்த தமிழ்ச் செல்வத்தை அடையாளம் காண அவருடைய மேலை மொழியறிவு உதவியது. தமிழைக் கற்ற பிறகே அந்த அறிவு தமிழுக்குப் பயன்பட்டது. முப்பது வயதை ஒட்டி அவர் சரிசெய்துகொண்ட வரிசையைப் பிள்ளைப் பருவத்திலேயே சரியாக அமைக்கலாமே என்பது என் கருத்து.

இலத்தீன் மூளையைக் கூர்மையாக்கும், பிற பாடங்களெல்லாம் எளிதாகும் என்ற வாதத்தை இங்கே எடுத்துப் பார்க்க வேண்டும். பெற்றோரை மிகவும் கவர்வது இதுதான். எட்வர்ட் தார்ண்டைக் 1924இல் வெளியிட்ட ஆய்வு, ஆயிரக்கணக்கான அமெரிக்க மாணவர்களைக் கொண்டு நடந்தது. எந்தப் பாடத்தைப் படிப்பவர்களுக்குப் பொது அறிவாற்றல் கூடுகிறது என்று அவர் தேடினார். இலத்தீனுக்கென்று தனிச்சிறப்பு எதுவும் தென்படவில்லை. 2003இல் லுட்விக் ஹாக், எல்ஸ்பெத் ஸ்டெர்ன் என்ற இரு ஜெர்மன் ஆய்வாளர்கள் இன்னொரு கோணத்தில் பார்த்தார்கள். பள்ளியில் இலத்தீன் படித்தவர்களையும் பிரெஞ்சு படித்தவர்களையும் ஸ்பானிய மொழி கற்கவைத்து ஒப்பிட்டபோது, பிரெஞ்சு படித்தவர்களே குறைவான பிழைகளோடு எழுதினார்கள். மறுபக்கம், 1970களில் ஃபிலடெல்ஃபியா நகரின் பொதுப்பள்ளிகளில் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு இலத்தீன் கற்பித்தபோது அவர்களுடைய ஆங்கிலச் சொல்வளம் கூடியதாகப் பதிவாகியிருக்கிறது. அதை நம்பலாம், ஆங்கிலச் சொற்களில் பாதிக்கு மேல் இலத்தீனிலிருந்தோ அதன் வழிவந்த பிரெஞ்சிலிருந்தோ பிறந்தவை. அது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்குக் கிடைக்கும் இலாபம். தமிழ்ப் பிள்ளைக்கு அதில் ஒரு பகுதிதான் வரும், அதுவும் ஆங்கிலம் நன்கு கற்றபின் வரும். ஆகவே மூளைக்கூர்மைக்காக இலத்தீன் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. அந்த மொழியில் எழுதப்பட்ட நூல்களுக்காகவும், நம் மொழியோடு அது கொண்ட உறவுக்காகவும் கற்கலாம். அது போதுமான காரணம்.

தமிழ்ப் பிள்ளைக்கு இலத்தீன் இலக்கணம் ஆங்கிலப் பிள்ளைக்கு இருப்பதைவிட நெருக்கமானது. 'புவெல்லா ரோசம் அமத்' என்பது இலத்தீன் பாடப்புத்தகங்களில் வரும் வகையான ஒரு தொடர். சிறுமி ரோசாவை விரும்புகிறாள் என்பது பொருள். சொல் வரிசை தமிழில் உள்ளபடியே இருக்கிறது. 'ரோசம்' என்பதன் இறுதி மகரம் நம் 'ஐ' உருபின் வேலையைச் செய்கிறது. எழுவாயைச் சொல்லாமல் 'அமத்' என்று மட்டும் சொன்னாலும் வினைமுற்றிலேயே இடமும் எண்ணும் தெரியும். ஆங்கிலேயப் பிள்ளை வேற்றுமை என்ற கருத்தையே புதிதாகக் கற்க வேண்டும். நன்னூலில் எட்டு வேற்றுமை படித்த பிள்ளைக்கு இலத்தீனின் ஆறு வேற்றுமை அச்சம் தராது. விளி வேற்றுமை இரண்டிலும் உண்டு. நாம் மூன்றாம் வேற்றுமைக்கும் ஐந்தாம் வேற்றுமைக்கும் ஏழாம் வேற்றுமைக்கும் பிரித்துக் கொடுக்கும் பொருள்களில் பலவற்றை இலத்தீன் ஒரே வேற்றுமையில் அடக்குகிறது என்று சொன்னால் போதும், பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு வியப்பு உண்டு. 'சோலே ஓரியெந்தே' என்ற வகைத் தொடரை ஆங்கில வழியில் கற்பவர்கள் விளங்கிக்கொள்ளத் திணறுவார்கள். நாம் 'ஞாயிறு எழ, அவன் புறப்பட்டான்' என்கிறோம். செய என்னும் வாய்பாட்டு வினையெச்சம், தனக்கென்று வேறு எழுவாயைக் கொண்டு, முதன்மை வினைக்கு முன்னால் வந்து நிற்கிறது. அதே அமைப்பைத்தான் இலத்தீன் வேற்றுமை உருபாலும் எச்சச்சொல்லாலும் கட்டுகிறது. தமிழ் இலக்கணம் தெரிந்த ஆசிரியர் ஒரு நாளில் விளக்கிவிடுவார்.

கடினமான இடங்களும் இருக்கின்றன. மேசை பெண்பால், ஆறு ஆண்பால் என்று பொருள்களுக்கெல்லாம் பால் வகுப்பது, உயர்திணையும் அஃறிணையும் தெளிவாகப் பிரிந்த மொழியில் வளர்ந்த பிள்ளைக்கு விசித்திரமாக இருக்கும். அடைமொழியும் பெயரோடு சேர்ந்து பாலும் எண்ணும் வேற்றுமையும் மாற வேண்டும். 'சந்தாலும் ஆல்பும்' என்ற சந்தனப் பெயரிலேயே அந்த இசைவைக் காட்டலாம். 'ஆல்பும்' என்ற வெண்மைச் சொல், ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மூன்றாம் பாலான 'சந்தாலும்' என்ற பெயருக்கேற்ப முடிகிறது. நாம் பெயரெச்சத்தால் சொல்லும் இடங்களில் அவர்கள் தனிச்சொல் வைத்து இன்னொரு வாக்கியமே கட்டுவார்கள். இவற்றுக்குக் காலம் கொடுக்க வேண்டும். எளிதில் கிடைக்கும் தொடக்கப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. தமிழோடு ஒத்துப்போகிற இடங்களை அவை கடினமானவை என்று பயமுறுத்தும், உண்மையில் நமக்குக் கடினமான இடங்களை ஓரிரு வரியில் தாண்டும். அந்தப் புத்தகங்களையே நம்பிச் செல்லும் பிள்ளை இரண்டு அயல்மொழிகளின் சுமையை ஒரே நேரத்தில் தூக்குகிறது.

சேயர்ஸ் சொன்ன முதற்பருவம் நமக்குப் புதிதே அல்ல. திண்ணைப் பள்ளியில் பிள்ளை மணலில் எழுத்தெழுதிப் பழகியது. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, எண்சுவடி, நிகண்டு என்று வரிசையாக மனப்பாடம் செய்தது. பொருள் பிறகு விரிந்தது, நன்னூல் அதற்கும் பிறகு. மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். சென்னை ராணுவ அனாதைப் பள்ளியில் 1789 முதல் பொறுப்பிலிருந்த ஆண்ட்ரூ பெல் இந்த மணலெழுத்தையும் சட்டாம்பிள்ளை முறையையும் பார்த்துக் கையாண்டார். 1797இல் அதைப் பற்றி இலண்டனில் நூல் வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அதைப் பின்பற்றின. இப்படியொரு மரபைக் கையில் வைத்துக்கொண்டு, இலக்கணப் பருவத்துக்கு இலத்தீன் வாய்பாட்டைத்தான் நெட்டுருப் போட வேண்டும் என்று ஒரு தமிழ்க் குடும்பம் நினைப்பது எனக்கு வருத்தம் தருகிறது. தமிழ் செம்மொழி என்று இந்திய அரசு 2004இல் அறிவித்தது. அந்தச் செவ்வியல் வீட்டிலேயே பேசப்படுகிறது.

கிறிஸ்தவக் குடும்பம் இதைத் தன் மரபல்ல என்று எண்ண வேண்டியதும் இல்லை. தேம்பாவணியும், எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகமும், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களும் கிறிஸ்தவப் பொருளைத் தமிழ்ச் செய்யுள் மரபில் நின்று பாடியவை. ஜவ்வாது மலையடிவாரத்துத் திருப்பத்தூரிலேயே இதற்குக் கண்கூடான சான்று இருக்கிறது. சவரிராயன் ஏசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டனும் 1921இல் அங்கே கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். அதன் செபாலயம் தமிழ்க் கோயில் கட்டடக்கலையில் எழுந்தது. ஒரு தமிழரும் ஒரு ஸ்காட்லாந்துக்காரரும் சேர்ந்து செய்த முடிவு அது.

நெல்லிவாசல்நாட்டின் நிலைமை தனியாகப் பேசவேண்டியது. அங்கே தமிழ் என்றால் முதலில் மலையாளிகளின் பேச்சு. மரம், விதை, தேன், பருவம் பற்றிய சொற்கள் அந்தப் பேச்சில் செழித்திருக்கின்றன. பள்ளித்தமிழே அந்தப் பிள்ளைக்கு ஓரளவு தள்ளி நிற்கும். அதற்கு மேல் ஆங்கிலம், அதற்கும் மேல் இலத்தீன் என்று அடுக்கினால் தன் வீட்டுப் பேச்சு எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது என்ற எண்ணம் பிள்ளை மனத்தில் ஊறிவிடும். 1835இல் மெக்காலே, இங்கிலாந்துக்குக் கிரேக்கமும் இலத்தீனும் செய்ததை இந்தியாவுக்கு ஆங்கிலம் செய்யும் என்று வாதிட்டார். ஒரு மக்களின் அறிவு வெளியிலிருந்து வரும் மொழியால்தான் தொடங்கும் என்ற அந்த எண்ணத்துக்கு இன்னொரு மாடி கட்டித் தருவதாக இலத்தீன் கல்வி ஆகிவிடக் கூடாது. ஆகையால் மலைப் பிள்ளையின் கல்வி பாட்டியின் கதையிலும் காட்டின் பெயர்களிலும் தொடங்க வேண்டும். அவற்றை எழுதிவைப்பதே அதன் முதல் இலக்கணப் பயிற்சியாக இருக்கலாம்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு முதல் பதினான்கு வயதுவரை கட்டாயக் கல்வியைச் சொல்லும் 2009ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளியை மையமாகக் கொண்டது, வீட்டுக்கல்விக்கென்று தனிச்சட்டம் நம் நாட்டில் இல்லை. வீட்டில் கற்பவர்கள் 1989இல் அமைந்த தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதுகிறார்கள். சான்றிதழுக்கான பாடங்களில் நேரம் குறையாமல் இலத்தீனை வைத்துக்கொள்வது பெற்றோர் பொறுப்பு. மலையூர்களில் அரசுப் பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகள் பல தலைமுறைக்கு முதன்முதலாக எழுத்தைக் கொண்டுவந்தவை. வீட்டுக்கல்வியை விரும்பும் குடும்பம் அவற்றை இழிவாகப் பேசாமலிருப்பது நன்று.

இப்படியொரு குடும்பம் என்னிடம் கேட்டால் நான் சொல்லக்கூடிய வழி இது. பத்து, பதினொரு வயதுவரை இலத்தீன் வேண்டாம். வீட்டுப் பேச்சு, ஔவையின் நீதிநூல்கள், தமிழ் வேதாகமத்தில் சங்கீதங்களும் நீதிமொழிகளும், பிறகு குறள். எழுத்தும் சொல்லும் பற்றிய நன்னூல் பகுதிகளை எளிய உரையோடு பன்னிரண்டு வயதுக்குள் படித்துவிடலாம். யாப்பு தெரிந்து நாலு வெண்பா கட்டத் தெரிந்தால் இன்னும் நல்லது. அதற்குள் ஆங்கிலம் ஓரளவு வாசிக்க வந்திருக்கும். அப்போது இலத்தீன் மீது பிள்ளைக்கு விருப்பமிருந்தால் தொடங்கலாம். வேற்றுமையையும் எச்சத்தையும் தமிழ் இலக்கணத்தின் பெயர்களாலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும். நாளுக்கு அரைமணி போதும். இரண்டாம் ஆண்டில் எரோணிமுசின் இலத்தீன் வேதாகமத்திலிருந்து யோவான் நற்செய்தியை எடுக்கலாம். அதன் வாக்கியங்கள் சிறியவை, சொற்கள் திரும்பத் திரும்ப வருபவை, பொருள் ஏற்கெனவே தமிழில் தெரிந்தது. சீர்திருத்தச் சபைக் குடும்பங்கள் இலத்தீன் கத்தோலிக்கரின் உடைமை என்று தயங்க வேண்டாம். 1524இல் லுத்தர் ஜெர்மன் நகராட்சிகளுக்கு எழுதிய மடலில் பள்ளிகளில் இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகியவற்றை வற்புறுத்தினார். புதிய ஏற்பாட்டை மக்கள் மொழியில் பெயர்த்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

சீசரின் போர்க்குறிப்புகள் அதற்குப் பிறகும் அவசியமில்லை. பரமார்த்த குருவின் கதையை முனிவரின் இலத்தீனில் வாசிக்கட்டும். குதிரை முட்டையின் கதை தெரிந்த பிள்ளைக்கு அதன் இலத்தீன் சிரிப்போடு வரும். பிறகு கிரவுலின் பதிப்பு. குறளும் எளிய தமிழும் இலத்தீனும் ஒருங்கே இருக்கிற அந்த நூலைவிடப் பொருத்தமான இலத்தீன் பாடநூல் தமிழ்ப் பிள்ளைக்கு வேறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. தெரிந்த குறளை எடுத்து, இலத்தீனில் எந்தச் சொல் எங்கே தடுமாறுகிறது, எங்கே சரியாக விழுகிறது என்று பிள்ளையே தீர்ப்புச் சொல்லலாம். இலத்தீனைத் திருத்துகிற இடத்தில் தமிழ்ப் பிள்ளை உட்காரும் வாய்ப்பு இந்த நூலில்தான் கிடைக்கும்.

ஆசிரியர் யார் என்ற கேள்வி எஞ்சுகிறது. 1965க்கு முன் தமிழ்நாட்டுக் குருமடங்களில் இலத்தீன் வழியே படித்த குருக்களில் இன்றும் இருப்பவர்கள் எண்பது வயதைக் கடந்தவர்கள். அவர்களில் பலர் தமிழ் இலக்கணமும் நன்கு கற்றவர்கள். ஒரு தமிழ் நாவில் இலத்தீன் எப்படி ஒலித்தது, எந்தப் பயிற்சியால் வேற்றுமைகள் பிடிபட்டன, எங்கே இடறியது என்று அவர்களால் சொல்ல முடியும். வேலூர் மறைமாவட்டத்திலும் பிற மறைமாவட்டங்களிலும் அவர்களைத் தேடிப் போய்க் குரலைப் பதிவுசெய்து, அதிலிருந்து தமிழ் இலக்கண வரிசைப்படி ஒரு சிறிய இலத்தீன் அரிச்சுவடியை எழுத வேண்டும். திருப்பத்தூரில் 1951 முதல் இயங்கும் தூய நெஞ்சக் கல்லூரி போன்ற ஓர் இடத்தின் தமிழ்த்துறை முனைந்தால் இது ஓராண்டு வேலைதான். அந்தக் குருக்களின் வயதை நினைத்தால் இந்த ஆண்டே தொடங்குவது நல்லது.